ஃபெடரல் எச்.எஸ்.டி. 124 கிரெய்ன்: எங்கள் துப்பாக்கியில் 250 தோட்டா சுட்டுப் பார்த்த பிறகு

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் கைத்துப்பாக்கியில் எந்தத் தோட்டா போடலாம் என்று இதுவரை நாலைந்து நண்பர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது ஃபெடரல் கம்பெனியின் எச்.எஸ்.டி., 9 எம்.எம்., 124 கிரெய்ன் (கிரெய்ன் என்பது வெளியே பறக்கும் குண்டின் எடைக் கணக்கு). அதில் 250 சுட்டிருக்கிறோம். தோட்டாவால் வந்த தகராறு ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு பெட்டி வாங்கி வந்து, மேகஸினில் (தோட்டா அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் உறையில்) நிரப்பி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நினைத்தால், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேறொரு தோட்டாவை வைத்து நாங்கள் முதலில் அதைத்தான் செய்தோம். நாலு மாதம் அந்த நம்பிக்கையிலேயே தூங்கினோம். அந்த நாலு மாதமும் எங்கள் பெட்டகத்தில் இருந்தது மூன்றாவது தோட்டாவில் நின்றுபோகும் துப்பாக்கி என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ஹூஸ்டனுக்கு வடக்கே. இரண்டு வீடு தள்ளி ஒரு ராத்திரி பின்கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் நானும் மனைவியும் இரண்டு மாதம் யோசித்து, பேசி, சண்டைகூடப் போட்டு, கடைசியில் ஒரு நடுத்தர அளவு 9 எம்.எம். கைத்துப்பாக்கி வாங்கினோம். பிராண்டு பெயரைச் சொல்லவில்லை, இங்கே அது முக்கியமும் இல்லை. மேகஸினுக்கு 15 தோட்டா. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை: கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஜாலியாக ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

துப்பாக்கி வாங்கிய கடையிலேயே 'வீட்டுக்கு இதைப் போடுங்கள்' என்று 20 தோட்டா கொண்ட ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். 115 கிரெய்ன் ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி உள்ள தோட்டா. அட்டையில் நல்ல படம், நல்ல வாசகம், 28 டாலர். ஒரு தோட்டா ஒன்றரை டாலர் ஆகும்போது அதைச் சுட்டுப் பார்க்கக் கை வராது, அதுதான் உண்மை. பயிற்சிக்கு 50 தோட்டா 14 டாலருக்குக் கிடைத்த சாதாரண உருண்டை முனைத் தோட்டாவை வாங்கிச் சுட்டோம். 200 போல சுட்டிருப்போம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. துப்பாக்கி நன்றாக ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஓடியது துப்பாக்கியும் பயிற்சித் தோட்டாவும் சேர்ந்த ஒரு ஜோடி. பெட்டகத்தில் இருந்த ஜோடி வேறு. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தவர் எங்கள் பயிற்சியாளர். ஷெரிஃப் அலுவலகத்தில் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது வயதிருக்கும். இரண்டாவது வகுப்பு முடிந்ததும், 'ராத்திரி வீட்டில் எதை நிரப்பி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். சொன்னேன். 'அடுத்த வாரம் அந்த மேகஸினை அப்படியே எடுத்து வாருங்கள், ஒரு தோட்டாவையும் மாற்றாதீர்கள்' என்றார்.

அடுத்த சனிக்கிழமை கொண்டுபோனோம். முதல் ஷாட் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு ட்ரிகரை அழுத்தினால் ஒன்றும் இல்லை. குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி, முழுசாக மூடவில்லை, ஒரு விரல் அகலம் திறந்தபடி நிற்கிறது. அந்த இடைவெளியில் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு தெரிகிறது, பாதி மேகஸினுக்குள், பாதி வெளியே. அதன் குழி விளிம்பு ராம்ப்பில் தட்டி மாட்டியிருந்தது. தோட்டா மேகஸினிலிருந்து சேம்பருக்கு, அதாவது அது வெடிக்கும் அறைக்கு, ஏறுகிற சின்னச் சரிவைத்தான் ராம்ப் என்கிறார்கள். வெளியே எடுத்துப் பார்த்தபோது அந்த விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம், பளபளவென்று செம்பு தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நாலு மாதமாக நான் எதை நம்பிப் படுத்தேன் என்பதுதான் மனதில் ஓடியது.

சரி செய்துவிட்டு எட்டு வரை சுட்டேன், வேறு தகராறு இல்லை. மீதி ஏழு மனைவிக்கு. இரண்டாவது ஷாட்டிலேயே காலிக் கூடு (வெடித்த பிறகு மிஞ்சும் தோட்டா உறை) வெளியே பறக்காமல், ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவில் அடுப்புப் புகைக்குழாய் மாதிரி செங்குத்தாக நின்றுவிட்டது. தட்டி எடுத்தோம். ஐந்தாவதில் மறுபடியும். 'ஏங்க, திரும்பவும் நிக்குதுங்க' என்று அவள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாளில் அந்தத் துப்பாக்கி அவளுக்குத்தான். 15-ல் மூன்று தகராறு, அதில் இரண்டு அவள் கையில்.

பெட்டியில் மிச்சமிருந்த ஐந்தைப் பயிற்சியாளர் வாங்கி அதே துப்பாக்கியில், அதே மேகஸினில் சுட்டார். ஐந்தும் சீராகப் போயின. என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. துப்பாக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது, தோட்டாவை மட்டும் சொல்ல முடியாது, மனைவியின் கையையும் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கோளாறு. அதனால் 'இந்தத் தோட்டா நம்பகமானது' என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அது பாதி வாக்கியம்தான். எந்தத் துப்பாக்கியில், எந்த மேகஸினில், யார் கையில் என்பது மீதிப் பாதி.

ஏன் இப்படி என்று அன்றைக்கு அவர் விளக்கியதைச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் சோதனையை எப்படிச் செய்வது என்பது தானாகப் புரியும். இந்த வகைத் துப்பாக்கியை ஓட்டுவதே தோட்டாதான். தோட்டா வெடிக்கும்போது பின்னுக்கு உதைக்கிற விசைதான் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது, ஸ்லைடில் உள்ள கொக்கி காலிக் கூட்டை இழுத்து வருகிறது, அது ஒரு முட்டில் இடித்து வெளியே பறக்கிறது, அப்புறம் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது அடுத்த தோட்டாவை மேகஸினிலிருந்து உருவிக்கொண்டு ராம்ப் வழியாக சேம்பருக்குள் ஏற்றி மூடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தோட்டாவிலுள்ள வெடிமருந்தின் வேகம் கொஞ்சம் குறைந்தால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது, கூடு வெளியே விழ நேரம் போதாது. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடோடு சேர்ந்து துப்பாக்கியின் உடலும் பின்னால் வந்துவிடும், ஸ்லைடு பின்னால் போவதற்கான பிடிமானம் குறைந்துவிடும், விளைவு அதேதான். உருண்டை முனை ராம்ப்பில் வழுக்கி ஏறும், அகலமான குழி முனை சில சமயம் தட்டும். மருந்து சுமாராக இருந்து, குழி அகலமாகவும் இருந்து, பிடியும் லேசாக இருந்தால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

இது வீட்டில் வைத்திருக்கும் ஆட்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லை. அமெரிக்க ராணுவமே இதில் அடிபட்டிருக்கிறது. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ரைஃபிளிலிருந்து வந்த எம்-16-ஐ வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அந்த வடிவம் வளர்ந்தபோது அதன் தோட்டாவில் இருந்தது ஒரு வகை வெடிமருந்து. பிறகு தோட்டாவில் வேறு வகை மருந்தைப் போட்டார்கள். புது மருந்தில் துப்பாக்கி இன்னும் வேகமாக ஓடியது, உள்ளே கரி அதிகம் படிந்தது, அப்போது சேம்பரில் குரோம் பூச்சும் கிடையாது, சுத்தம் செய்யும் சாமான்களும் சரியாகப் போய்ச் சேரவில்லை. காலிக் கூடு சேம்பரில் ஒட்டிக்கொள்ள, சண்டையின் நடுவில் சிப்பாய்கள் குழலின் முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தி வெளியே தள்ள வேண்டியிருந்தது. ஆட்கள் செத்தார்கள். 1967-ல் காங்கிரஸ் உறுப்பினர் இக்கார்டு தலைமையில் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு விசாரித்து, மருந்து மாற்றத்தைப் பெரிய காரணமாகச் சொன்னது. பின்னால் சேம்பருக்குக் குரோம் பூச்சு வந்தது, மருந்தும் திருத்தப்பட்டது. ஒரு ஜோடியைச் சோதித்துவிட்டு இன்னொரு ஜோடியைக் கையில் கொடுத்தார்கள். அளவில் எங்கேயோ இருந்தாலும், நாங்கள் எங்கள் வீட்டில் செய்ததும் அதே தப்புத்தான்.

இப்போது எச்.எஸ்.டி.க்கு வருகிறேன். மினசோட்டாவில் அனோகா என்ற ஊரில் 1922-ல் ஆரம்பித்த கம்பெனி ஃபெடரல். 124 கிரெய்ன் என்பது குண்டின் எடை, கிட்டத்தட்ட 8 கிராம், நம் கணக்கில் ஒரு பவுன். குழலை விட்டு வெளியே வரும் வேகம் நொடிக்கு 1,150 அடி என்று கம்பெனி சொல்கிறது. கூடு பித்தளை, அதன்மேல் நிக்கல் பூச்சு, வெள்ளி மாதிரி மின்னும். பூச்சு வழுவழுப்பாக இருப்பதால் உள்ளே போவதும் வெளியே வருவதும் எளிது என்பார்கள். அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் அரைகுறை வெளிச்சத்தில் சேம்பரை எட்டிப் பார்க்கும்போது வெள்ளைக் கூடு பளிச்சென்று தெரிகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதன் குழியும் அகலமானதுதான், பார்த்தவுடன் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முந்தைய தோட்டா மாட்டியதற்கு அகலமான குழி மட்டுமே காரணம் இல்லை என்பது இதைச் சுட்ட பிறகுதான் புரிந்தது.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கடைகளில் பொதுவாக 20 தோட்டா பெட்டிதான் கண்ணில் படும். இதே தோட்டா 50 கொண்ட பெட்டியிலும் வருகிறது, போலீஸ்காரர்களுக்காக வருகிற பேக், வெறும் அட்டைதான், பொதுமக்களும் வாங்கலாம். நான் வாங்கியபோது பெட்டி 36 டாலர். 20 பெட்டியோடு ஒப்பிட்டால் ஒரு தோட்டா பாதி விலைக்கு வந்துவிடுகிறது. சோதனைக்கு 200 சுட வேண்டும் என்றால் இந்தப் பெட்டியில்தான் கட்டுப்படியாகும். முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி 50 சுட்டோம். ஒழுங்காக ஓடிய பிறகு, அட்டையில் அடித்திருக்கும் லாட் எண் ஒன்றாகவே உள்ள ஆறு பெட்டி வாங்கினோம். அதில் 200 சுட்டோம். ஒரே லாட் என்றால் ஒரே தொகுப்பில் செய்தது. நான் சுட்டுப் பார்த்ததும் பெட்டகத்தில் வைப்பதும் ஒரே தொகுப்பாக இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

சோதனை நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் மேகஸின்களுக்கு வெள்ளை பெயின்ட் பேனாவால் 1, 2, 3, 4 என்று எண் போட்டோம். இதை நான் ஒரு சின்ன விஷயமாக நினைத்திருந்தேன், கடைசியில் இதுதான் ரொம்ப உதவியது. 1, 2 துப்பாக்கியோடு வந்தவை, 3 அதே கம்பெனியிலிருந்து தனியாக வாங்கியது, 4 வேறொரு கம்பெனியின் மலிவான மேகஸின். மனைவி ஒரு நோட்டில் எந்த மேகஸின், யார் சுட்டது, எத்தனை என்று எழுதிக்கொண்டே வந்தாள். துப்பாக்கியைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு ஆரம்பித்தோம், அப்புறம் நடுவில் சுத்தம் செய்யவே இல்லை. புத்தம் புதுசாகத் துடைத்த துப்பாக்கி ஓடுவதில் பெரிய ஆச்சரியம் இல்லை, 300 பயிற்சித் தோட்டாவின் கரி ஏறிய பிறகும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

4-ஆம் எண் மேகஸின் எச்.எஸ்.டி. வரைக்கும் போகவே இல்லை. பயிற்சித் தோட்டாவிலேயே இரண்டு தடவை தோட்டாவின் மூக்கு கீழே குத்திக்கொண்டு நின்றது. இரண்டு தடவையும் நோட்டில் 4 என்றே இருந்தது. எண் போடாமல் இருந்திருந்தால் துப்பாக்கியை அல்லவா சந்தேகப்பட்டிருப்போம்! அதை ஒதுக்கிவிட்டோம், இப்போது அது வீட்டில் வெடிக்காத டம்மி தோட்டா வைத்துப் பழக மட்டும். மற்ற மூன்றிலும் தலைக்குக் குறைந்தது 75 எச்.எஸ்.டி. போயிருக்கிறது.

250-ல் நான் 150, அவள் 100. இரண்டு கையால் சுட்டது பெரும்பகுதி. அப்புறம் வலது கை மட்டும், இடது கை மட்டும், வேண்டுமென்றே பிடியைக் கொஞ்சம் லேசாக்கி ஒரு பத்து. தூக்கக் கலக்கத்தில், ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி பிடிக்கப் போவதில்லை. அவள் கையில் 100-க்கு 100. காலிக் கூடுகள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே தூரத்தில், ஐந்தாறு அடி தள்ளி விழுந்துகொண்டே இருந்தன. முந்தைய தோட்டாவில் அவை சில சமயம் என் முன்னங்கையில் விழும், சில சமயம் காலடியில் சொத்தென்று விழும். பயிற்சியாளர் அதைக் கவனிக்கச் சொன்னார்: கூடு விழுகிற இடம் மாறிக்கொண்டே இருந்தால், துப்பாக்கி நிற்காவிட்டாலும் விளிம்பில் ஓடுகிறது என்று அர்த்தம்.

என் கையில் ஒரு தகராறு வந்தது, அதையும் சொல்ல வேண்டும். கடைசித் தோட்டா முடிந்ததும் ஸ்லைடு பின்னால் நின்றுவிட வேண்டும், எனக்கு நாலு தடவை நிற்காமல் மூடிக்கொண்டது. தோட்டாவில் பலம் போதவில்லையோ என்று பதறிவிட்டேன். பயிற்சியாளர் என் கட்டை விரலைக் காட்டினார். அது ஸ்லைடை நிறுத்தும் சின்ன நெம்புகோல் மேலேயே உட்கார்ந்திருந்தது. விரலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்த பிறகு மறுபடி வரவில்லை. இது தோட்டாவின் குற்றம் இல்லை, ஆனால் நோட்டில் இருக்கிறது. எந்தக் கோளாறையும் 'சும்மா ஒரு தடவைதானே' என்று விடாதீர்கள், காரணம் தெரிகிற வரை எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

எத்தனை சுட்டால் போதும் என்பதில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள், அதிகம் காதில் விழுவது 200. இதில் புள்ளியியலில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது, மூன்றின் விதி என்று பெயர். ஒரு தடவைகூடத் தகராறு இல்லாமல் எத்தனை சுட்டீர்களோ அந்த எண்ணால் 3-ஐ வகுத்தால், உண்மையான தகராறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது 95 சதவீத நம்பகத்தோடு கிடைக்கும். 20 சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் 15 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது ஒரு சின்னப் பெட்டி சுட்டுப் பார்ப்பது கிட்டத்தட்ட ஒன்றையும் நிரூபிக்கவில்லை. 50 என்றால் 6 சதவீதம், 200 என்றால் ஒன்றரை, எங்கள் 250-க்கு 1.2. ஒன்றரை சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அதே விகிதம் உண்மையாக இருந்தால் 15 தோட்டா மேகஸினை முழுசாகச் சுடும்போது ஒன்றாவது சிக்குவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் 200-ஐத் தாண்டினாலும் வேலை முடியவில்லை, சிக்கினால் எடுக்கப் பழக வேண்டும். மேகஸினின் அடியைத் தட்டி, ஸ்லைடை முழுசாக இழுத்து விட்டு, மறுபடி சுடும் நிலைக்கு வருவது. நாங்கள் மேகஸினுக்குள் நடுவில் எங்கேயாவது ஒரு டம்மி தோட்டாவை ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போட்டுக் கொடுத்து ரேஞ்சில் பழகுகிறோம்.

ஆனால் சோதிக்கும்போது எல்லாவற்றுக்கும் 'தட்டி இழு' கிடையாது. ட்ரிகர் அழுத்தி க்ளிக் என்று மட்டும் கேட்டால் 30 நொடி குழலை டார்கெட் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருங்கள், மருந்து தாமதமாக வெடிக்கலாம். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று ஒன்று வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இறக்கிப் பிரித்துக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, ஈயம் கையில் ஒட்டியிருக்கும்.

வீட்டில் நாங்கள் செய்த இன்னொரு தப்பும் இருக்கிறது. அந்த நாலு மாதத்தில் வாராவாரம் துப்பாக்கியைக் காலி செய்து பார்த்துவிட்டு, மறுபடி நிரப்பும்போது மேலே இருந்த அதே தோட்டாவையே சேம்பருக்குள் ஏற்றியிருக்கிறோம். அந்தத் தோட்டாவைப் புதுத் தோட்டா பக்கத்தில் மேஜைமேல் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. விரல் நகத்தை மேலே குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு தடவையும் ராம்ப்பில் இடித்து இடித்துக் குண்டு கூட்டுக்குள் அமிழ்ந்திருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். சாதாரண 9 எம்.எம். தோட்டாவுக்கு அனுமதித்த அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, அதற்கு மேல் ஏற்றி விளையாடக் கூடாது. இப்போது ஒரு தடவை சேம்பருக்குள் போய் வந்த தோட்டாவில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறோம், இரண்டு புள்ளி வந்தால் அது அடுத்த தடவை ரேஞ்சுக்குப் போய்விடும்.

குண்டு உள்ளே போய் என்ன செய்யும், எவ்வளவு ஆழம் போகும் என்பது தனிக் கேள்வி. 1986 ஏப்ரல் 11-ம் தேதி மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் இறந்தார்கள். எதிரியின் உடம்பில் பாய்ந்த ஒரு குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் எஃப்.பி.ஐ., உடம்புத் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று அளவு வைத்தது. இந்த வகைச் சோதனை முடிவுகள் நிறையக் கிடைக்கின்றன, வீட்டில் நாம் செய்ய வேண்டியதில்லை. யாரோ சுட்ட ஜெலட்டின் எனக்கும் பொருந்தும். ஆனால் என் மேகஸினிலிருந்து என் சேம்பருக்குள் தோட்டா ஏறுமா என்பதை எனக்காக வேறு யாரும் சோதித்துத் தர முடியாது.

குறை என்று சொல்ல இரண்டு உண்டு. விலை, அப்புறம் 50 பெட்டி எப்போதும் கிடைக்காது. சுட்டுத் தீர்த்ததற்கு மட்டும் 180 டாலர் ஆனது, மொத்தமாக ஏழு பெட்டிக்கு 250 டாலருக்கு மேல். துப்பாக்கிக்குக் கொடுத்த விலையில் பாதி, தோட்டாவைச் சுட்டுக் காலி செய்யவா என்று முதலில் எனக்கும் மனசு வரவில்லை. இப்போது அதைத் துப்பாக்கி விலையிலேயே சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறேன், யாராவது கேட்டால் 'இவ்வளவு தனியாக எடுத்து வையுங்கள், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வாங்குங்கள்' என்றுதான் சொல்கிறேன். உதைப்பு 115 கிரெய்ன் பயிற்சித் தோட்டாவைவிடக் கொஞ்சம் கூடுதல். மனைவிக்கு முதல் பத்து ஷாட் பிடிக்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. பயிற்சிக்கும் 124 கிரெய்னே வாங்கினால் கைக்கு ஒரே மாதிரி இருக்கிறது, நாங்கள் அப்படி மாறிவிட்டோம். சிவப்பு பாலிமர் முனை வைத்துக் குழியை அடைத்திருக்கும் ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் தோட்டா பற்றியும் கேட்கிறார்கள், நாங்கள் ஒரு பெட்டிதான் சுட்டிருக்கிறோம், அதை வைத்துக் கருத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதித்து நம்பகமாக்கிய துப்பாக்கி என்றால் யார் எடுத்தாலும் வெடிக்கும் துப்பாக்கி. டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் எட்டும்படி அஜாக்கிரதையாக விட்டு, அது அவர்கள் கைக்குப் போய்விட்டால் குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் அப்படி வைக்கக் கூடாது. எங்களுடையது சுவரில் திருகிய, பட்டன் அழுத்தித் திறக்கும் பெட்டகத்தில் இருக்கிறது. எண் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது பெட்டகத்தில் 1, 2, 3 எண் போட்ட மேகஸின்களில் 45 எச்.எஸ்.டி. இருக்கிறது, அதே லாட்டில் இன்னும் 55 அலமாரியில். நவம்பரில் அந்த 45-ஐயும் பெட்டகத்திலிருந்து எடுத்தபடியே ரேஞ்சில் சுட்டுவிட்டு, மிச்சத்திலிருந்து புதிதாக நிரப்பப் போகிறோம். முதல் மேகஸின் அவளுடையது.